மழைக்குழியில் கீரை

எங்கள் ஊரில் என்னைப் பிடிக்காதவர்கள் இரண்டு வகை. இருபத்தெட்டு வருடம் நான் பள்ளிப் பேருந்து ஓட்டியபோது என்னிடம் வசவு வாங்கியவர்கள் ஒரு வகை. ஓய்வு பெற்றபின் நீர்நிலைக் காப்புக் குழுவில் சேர்ந்தேன். அதற்கப்புறம் வாங்கியவர்கள் இன்னொரு வகை. என் பெயர் டியோலிண்டா. வயது அறுபத்தாறு. வாய்க்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

குழுவில் ஐந்து பேர். சம்பளம் கிடையாது, மரியாதையும் அவ்வளவாகக் கிடையாது. ஆனால் ஓடைக்கோ சதுப்புக்கோ நூறடிக்குள் ஒருவர் கோழிக்கூடு கட்டுவதென்றாலும் எங்கள் முன்னால் வந்து நின்று கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும். மாசசூசெட்ஸில் ஊருக்கு ஊர் இப்படி ஒரு குழு உண்டு. ஊருக்கு ஊர் அதைத் திட்டுகிறார்கள். நான் தலைவியாகி ஆறு வருடம் ஆகிறது.

போன அக்டோபரில் ஒருநாள் நல்ல மழை. ரொட்டி வாங்கப் போனவள் ஆலை ஓடைப் பாலத்தில் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே எண்ணெய் மினுக்கியது. ஒவ்வொரு ஏப்ரலும் ஹெர்ரிங் மீன்கள் முட்டை போடக் கடலிலிருந்து ஏறி வருகிற ஓடை அது. இந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது, பார்த்துவிடுகிறேன் என்று கரையோரமாகவே நடந்தேன். சதுப்புக்குள் ஒரு புதுக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. குழாயின் மறுமுனையில் புதிதாகத் தார் போட்ட பெரிய மைதானம். மைதானத்தின் அந்தப் பக்கம் எங்கள் பரிசுத்த ஆவி சகோதர சபையின் மண்டபம்.

என் கல்யாண விருந்து நடந்த மண்டபம் அது. என் அண்ணன் ஒராசியோதான் சபையின் செயலாளர். கோடையில் யாரையும் கேட்காமல் தார் போட்டு, மழைத்தண்ணீர் தேங்கக் கூடாதென்று குழாயை நேரே சதுப்புக்குள் விட்டிருக்கிறார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று நாளைக்கு எவனும் என்னைப் பார்த்துச் சொல்லக் கூடாது. கைபேசியை எடுத்து ஃபீபியை அழைத்தேன். ஃபீபி, நகராட்சி எங்கள் குழுவுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆய்வாளர். சிரிக்காமலே கிண்டல் செய்யக் கூடியவள்.

"எந்த எடம்?" என்று கேட்டாள்.

"எங்க சபை மண்டபம்."

"நெசமாத்தான் சொல்றீங்களா? ஞாயித்துக்கெழம கோயில்ல யார் பக்கத்துல உக்காருவீங்க?"

"கடவுள் பக்கத்துல. நீ பூட்ஸ மாட்டிக்கிட்டு வா."

எங்கள் சபையில் ஒவ்வொரு ஜூனிலும் திருவிழா முடிந்ததும் பைக்குள் கைவிட்டு ஏழு பெயர் எடுப்பார்கள். அடுத்த வருடம் வெள்ளிக் கிரீடம் அந்த ஏழு வீட்டிலும் வாரத்துக்கு ஒன்றாகத் தங்கும். ஏழாவது பெயர்க்காரர்தான் திருவிழாவை நடத்துகிறவர். கிரீடத்தைத் தலையில் வைத்து ஊர்வலம் வந்து, தெரிந்தவர் தெரியாதவர் அத்தனை பேருக்கும் இலவசமாக சோப்பாஸ் போடுவார். மாட்டிறைச்சிச் சாற்றில் ரொட்டியும் புதினாவும் ஊறுகிற வாசனை இரண்டு தெரு தள்ளி வரும். அண்ணன் முப்பத்தொரு வருடம் பெயர் எழுதிப் போட்டார். ஒரு தடவைகூட வரவில்லை. அந்த அக்டோபருக்கு முந்தின ஜூனில்தான் வந்தது, ஏழாவதாக. எழுபத்தொரு வயது மனிதர், மண்டபத்தின் நடுவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும்தான் அழுதேன்.

அந்த மைதானம் இல்லாமல் திருவிழா இல்லை. பந்தல், அடுப்பு, ஊர்வலம் எல்லாம் அதில்தான். நவம்பரில் குழு உத்தரவு போட்டது. குழாயை எடுக்க வேண்டும். மைதானத்து ஓரத்தில் ஒரு மழைக்குழி வெட்டி, குழு கொடுக்கும் பட்டியலில் உள்ள செடிகளை அதில் நட வேண்டும். தண்ணீர் அதில் இறங்கி, மண்ணில் அழுக்கை விட்டுவிட்டு மெதுவாகச் சதுப்புக்குப் போகட்டும். ஒரு நல்ல மழை பெய்து மூன்று நாளைக்குள் குழி காய வேண்டும். காய்ந்ததைப் பார்த்துக் குழு கைதூக்கும் வரை மைதானத்துக்குச் சங்கிலி.

அந்த உத்தரவுக்கு நான் கைதூக்கவில்லை. அண்ணன் விவகாரத்தில் தங்கை உட்காரக் கூடாது என்பது சட்டம். சபை விஷயம் வந்தாலே நான் எழுந்து அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். நகர மண்டபத்து நடையில் எனக்கென்று ஒரு மர பெஞ்சு. உள்ளே என் நாற்காலியில் எல்மர் டிங்லி உட்காருவார். குழுவில் ஒருவர், கிரான்பெர்ரி தோட்டக்காரர், நல்ல மனிதர். ஆனால் அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நாம் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

உத்தரவு வந்த அன்றைக்கு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"லிண்டா, ஒன் கண்ணு கொஞ்ச நேரம் வேற பக்கம் பாக்காதா?"

"அண்ணே, தண்ணி காப்பி கலர்ல ஓடுது."

"ஓடட்டுமே! மீனு காப்பி குடிக்கக் கூடாதா?"

"குடிச்சுட்டுச் செத்துப்போகும்."

"முப்பத்தொரு வருஷம்டி!"

"தெரியும்ணே. அதனாலதான் அக்டோபர்லயே சொன்னேன். மே மாசம் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அண்ணன் கோபமாகக் கிளம்பிப் போனார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மேசையிலிருந்த இனிப்பு ரொட்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கோபமாகப் போனார். சபையின் மூத்தவர் கில்பெர்ட்டோ எனக்கு யூதாஸ் என்று பெயர் வைத்தார். காது கேட்காத மனிதர் என்பதால் கோயிலில் அவர் அதை ரகசியமாகச் சொன்னபோது பாடகர் குழுவரை கேட்டது.

ஏப்ரலில் நிலம் இளகியதும் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். சபைக்காரர்களில் பாதிப்பேர் கொத்தனார்கள், மீதிப்பேர் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். கில்பெர்ட்டோவுக்கு எண்பது வயது, கங்காணி அவர்தான். இரண்டே வாரத்தில் குழி தயார். தண்ணீர் இறங்கும் இடத்தில் கல் அடுக்கியிருந்த அழகைப் பார்த்தால் அதில் மாதா சொரூபம் வைக்கலாம் போலிருந்தது. நான் இந்த விஷயத்தில் தலையிடக் கூடாது. காரில் அந்தத் தெரு வழியாக ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை போகக் கூடாதென்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

மே நடுவில் ஒரு பெருமழை பெய்தது. மூன்றாம் நாள் ஃபீபியும் எல்மரும் குழியைப் பார்க்க வந்தார்கள். நான் தெரு நடைபாதையில் நின்றேன். நடைபாதை பொது இடம். பார்க்கலாம், கேட்கலாம், வாயைத் திறக்கத்தான் கூடாது.

குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் அப்படியே நின்றது. தண்ணீருக்கு மேலே பச்சைப் பசேலென்று, நூல் பிடித்து நட்ட மாதிரி பதினாறு வரிசை இலை.

எல்மர் நிதானமாகக் குனிந்து பார்த்தார். "இது... பட்டியல்ல... இருக்கா?"

ஃபீபி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "நீல ஐரிஸ் இருக்கு. கோரை இருக்கு. பன்னம் இருக்கு. இது என்னதுங்க?"

"கோவ்!" என்று கில்பெர்ட்டோ பெருமையாகக் கத்தினார். "கோவ் கீரை! சூப்புக்கு! ஆளுக்கு ரெண்டு கட்டு பறிச்சுட்டுப் போங்க. அந்தப் பக்கம் உருளக்கெழங்கும் போட்டிருந்தேன், அது முழுகிப்போச்சு."

"யாருங்க கீரை போடச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நல்ல வெயிலு, நல்ல மண்ணு, சும்மா கெடந்துச்சு. சும்மா கெடக்கற மண்ணப் பாத்துட்டு எனக்குத் தூக்கம் வருமா?"

"தண்ணி ஏன் இப்படி வாட அடிக்குது?"

"எரு! ரெண்டு லாரி! எங்க மச்சான் பண்ணை எரு, ஒன்னாம் நம்பர்!"

எங்கள் ஆட்கள் அசோர்ஸ் தீவுக்காரர்கள். அங்கே எரிமலைக் கல்லுக்கு இடையில் ஒரு கைப்பிடி மண் இருந்தாலும் அதில் கீரை நிற்கும். இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. எவன் வீட்டுக் கொல்லையிலும் புல்லைப் பார்க்க முடியாது. உண்மையைச் சொன்னால், அந்தக் குழியை வெறும் மண்ணாகப் பார்த்தபோது எனக்கும் கை அரித்தது. ஆனால் எரு கரைந்த தண்ணீர் ஓடைக்குப் போனால் பாசி பிடித்து மீனுக்கு மூச்சு முட்டும். நாற்று நடுகிறேன் என்று முப்பது பேர் ஈரமண்ணில் ஏறி மிதித்ததில் குழியின் அடி சிமெண்டுத் தரையாகிவிட்டது. தண்ணீர் எங்கே இறங்கும்? இது அத்தனையும் என் தொண்டைவரை வந்தது. சொல்லக் கூடாதே! நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்துவிட்டேன், இரண்டு நாள் உப்பு பட்டால் எரிந்தது.

அண்ணன் கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சுது. கிரீடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துருவோம். அவுங்க வேற ஊரு மண்டபத்துல வச்சுக்கட்டும்."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஃபீபி அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "எதுக்குங்க குடுக்கறீங்க? இன்னும் மூணு வாரம் இருக்குல்ல? எருவ அள்ளுங்க. அடி மண்ணக் கெளறி விட்டு மணல் கலங்க. பட்டியல்ல இருக்கற செடிய மட்டும் நடுங்க. ஆனா ஒருத்தர்கூட உள்ள கால வைக்கக் கூடாது."

"கால வைக்காம எப்படிம்மா கெளறறது?"

"பலகை போட்டு அது மேல மண்டி போட்டுக்கங்க. கோயில்ல போடறீங்கல்ல?"

எல்மர் வானத்தைப் பார்த்தார். "மழையும்... வரணும்."

மறுநாளே ஆரம்பித்தார்கள். கீரையைத் தூக்கிப் போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. வேரோடு பெயர்த்துப் பெட்டி பெட்டியாக வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். என் கொல்லைக்கும் பன்னிரண்டு வந்தது. யார் வைத்துவிட்டுப் போனது என்று தெரியாது, ஆனால் யூதாஸுக்குப் பங்கு கொடுத்திருந்தார்கள். எண்பது வயது கில்பெர்ட்டோ பலகைமேல் மண்டியிட்டு, கவைக்கோலால் மண்ணைக் கிளறிக்கொண்டே பின்னுக்கு நகர்ந்தார். கோரையை நடும்போது புலம்பியது தெருமுனைவரை கேட்டது: "திங்க முடியாது, விக்க முடியாது, மாடுகூட மோந்து பாக்காது. இதுக்கு நானு முட்டி போடறேன்!"

பிறகு மழைக்குக் காத்திருந்தோம். ஒரு வாரம் வெயில். திருவிழாவுக்கு முன்னால் மழை வரக் கூடாது என்றுதான் காலங்காலமாக ஜெபம் செய்வோம். இந்த வருடம் கோயிலில் எழுந்து நின்று மழை கேட்டோம். கடவுளே குழம்பியிருப்பார். இருந்தாலும், திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறுத்துக்கொண்டு வந்து, சாயங்காலம்வரை கொட்டியது.

குழுவின் கூட்டம் புதன்கிழமை ஏழு மணிக்கு. அதற்குள் குழி காய வேண்டும். அண்ணன் மடக்கு நாற்காலியும் குடையும் எடுத்துக்கொண்டு போய்க் குழிக்கரையில் உட்கார்ந்துகொண்டார். ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் இறங்க இறங்கக் கத்தியால் கோடு கீறினார். திங்கட்கிழமை பாதி குறைந்தது. செவ்வாய் காலையில் நடுவில் ஒரு குட்டை மட்டும். செவ்வாய் சாயங்காலம் என் கைபேசி அடித்தது.

"லிண்டா! காஞ்சுபோச்சு!"

"அண்ணே, இந்த விஷயம் எங்கிட்டப் பேசாதீங்க. சட்டம்."

"சரி, பேசல. ஆனா காஞ்சுபோச்சு!"

"வைங்க போன!"

வைத்துவிட்டு அடுப்படியில் தனியாக ஒரு சுற்று ஆடினேன். அறுபத்தாறு வயதுக்கு நன்றாகத்தான் ஆடினேன்.

புதன்கிழமை என் பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து கதவில் காதை வைத்தேன். ஃபீபி அறிக்கை வாசித்தாள்: நாற்பத்தெட்டு மணி நேரத்தில் குழி காய்ந்தது, சதுப்பின் ஓரத்தில் தண்ணீர் தெளிவு, எருவின் தடயம் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. அப்போது எல்மர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு கேள்வி... இருக்கு."

அதற்கப்புறம் அரை நிமிடம் ஒன்றும் இல்லை. உள்ளே ஓடிப்போய் அவர் முதுகில் ஒரு தட்டு தட்ட வேண்டும் போலிருந்தது.

"இந்த வருஷம்... திருவிழா இருக்கு, பாத்துக்கிட்டீங்க. அடுத்த வருஷம் குழில மண்ணு சேரும். எல சேரும். யாராவது மறுபடி... கீரை போடுவாங்க. யாரு... பாத்துக்குவாங்க?"

நல்ல கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எத்தனையோ குழிகள் இப்படித்தான் தூர்ந்துபோயின. வெட்டும்போது எல்லோரும் இருப்பார்கள், தூர்வார ஒருவரும் இருக்க மாட்டார்கள். சபையில் இதைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டேன்.

நாற்காலி நகர்ந்தது. அண்ணன் குரல். "ஐயா, எங்ககிட்ட கிரீடம் ஒன்னு இருக்கு. அத ஒருத்தர் தலைல கட்டறதில்ல. பைல பேரு போட்டு எடுப்போம். எந்த வீட்டுக்குப் போகுதோ அந்த வீடு தொடச்சு, பூ வச்சுப் பாத்துக்கும். இது வரைக்கும் ஒரு கீறல் இல்ல. இந்தக் குழியையும் அப்படியே வச்சுக்கறோம். இனிமே ஏழு பேரு இல்ல, எட்டுப் பேரு எடுப்போம். எட்டாவது பேரு வந்தவருக்கு அந்த வருஷம் குழி. எல பொறுக்கணும், மண்ணு அள்ளணும். மொத வருஷம் நான். முப்பத்தொரு வருஷம் காத்துக் கெடந்தவன், கைக்கு வந்தத விட்டுருவனா?"

யாரோ சிரித்தார்கள். எல்மர் சொன்னார்: "கைதூக்குங்க." வாழ்க்கையிலேயே அவர் ஒரே மூச்சில் சொன்ன வார்த்தை அதுதான். நான்கு கை, எதிர்ப்பு இல்லை என்று ஃபீபி படித்தது என் காதில் விழுந்த அதே நேரம், நல்ல சேதியைச் சொல்ல அண்ணன் ஓடிவந்து கதவைத் திறந்தார். கதவு இடித்து என் நெற்றியில் நெல்லிக்காய் அளவு புடைத்தது.

"இங்க என்னடி பண்ற?"

"சட்டப்படி வெளிய நிக்கிறேன்!" என்றேன். இரண்டு பேரும் நடையில் கட்டிக்கொண்டு சிரித்தோம். எனக்கு வலியிலா சந்தோஷத்திலா என்று தெரியாமல் கண்ணீர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நெற்றிப் புடைப்போடு நல்ல உடை உடுத்திக்கொண்டு போனேன். கோயிலில் பாதிரியார் அண்ணன் தலையில் கிரீடத்தை வைத்தார். பேண்டு வாத்தியம், கொடிகள், நீளத் துகில் போட்ட சிறுமிகள், வெள்ளை உடையில் சபைக்காரர்கள், அத்தனை பேரும் அவர் பின்னால். மைதானத்தில் பந்தலுக்குள் பெரிய பெரிய பாத்திரங்களில் சோப்பாஸ் கொதித்துக்கொண்டிருந்தது. ஊர்வலம் மண்டபத்து வாசலுக்கு நாற்பது அடி இருக்கும்போது வானம் பொத்துக்கொண்டது. இடி வேறு.

எல்லோரும் பந்தலைப் பார்த்து ஒரு அடி வைத்தார்கள். அண்ணன் நேரே போய்ப் பீடத்தில் கிரீடத்தை இறக்க வேண்டும், அதுதான் வழக்கம். அவர் போகவில்லை. திரும்பி, வேகமாக, மழைக்குழியைப் பார்த்து நடந்தார். எங்கள் ஊர்வலத்தில் ஒரே ஒரு சட்டம்தான்: கிரீடம் எங்கே போகிறதோ அங்கே எல்லோரும் போக வேண்டும். கொடி திரும்பியது. பேண்டு திரும்பியது. பாதிரியார் திரும்பினார். முந்நூறு பேர் கொட்டுகிற மழையில் நல்ல துணியோடு ஒரு குழியைச் சுற்றி நின்றோம்.

"மிதிக்காதீங்க! யாரும் உள்ள கால வைக்காதீங்க!" என்று அண்ணன் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார். கில்பெர்ட்டோ இரண்டு கையையும் விரித்துக் கோரைக்குக் காவல் நின்றார்.

மைதானத்துத் தண்ணீர் முழுவதும் கலங்கலாகத் திரண்டு வந்தது. கல் அடுக்கில் இறங்கி, அகலமாகப் பரவி, வேகம் தணிந்தது. கோரைக்கு இடையில் சுழன்றது. கொஞ்சம் ஏறியது, ஏறியது, எல்லோரும் மூச்சைப் பிடித்தோம், அப்புறம் ஏறவில்லை. மண் குடிக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கம் சதுப்பில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

நான் பழக்க தோஷத்தில் இருபது அடி தள்ளி நின்றிருந்தேன். அண்ணன் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"ஏய் லிண்டா, அங்க என்ன பண்ற? இன்னிக்குக் கூட்டமும் இல்ல, ஓட்டும் இல்ல. இங்க வா."

போனேன். குழி வெட்டியதிலிருந்து முதல் தடவையாக அதன் கரையில் கால் வைத்தேன். அண்ணன் என் தோளில் கைபோட்டுக்கொண்டார். மழைத்தண்ணீர் வெள்ளிக் கிரீடத்திலிருந்து அவர் மூக்கு வழியாகச் சொட்டியது.

"இந்தக் கிரீடத்த நாளைக்கு அடுத்த வீட்டுக்குக் குடுத்துரணும்" என்றார், குழியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது இங்கயே இருக்கும். இத நீதான்டி வாங்கிக் குடுத்த."

எனக்கு வாய் அடைத்துப்போனது. அறுபத்தாறு வருடத்தில் என்னை வாயடைக்க வைத்தவர் அவர் ஒருவர்தான். மழையில் நின்றதால் நான் அழுததை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். பாதிரியார் பேண்டுக்காரர்களுக்குத் தலையசைத்தார். நனைந்த மேளத்தில் தொப்தொப்பென்று பாட்டு கிளம்பியது. தண்ணீர் ஒரு விரல்கடை இறங்கும் வரை ஒருவரும் சாப்பிடப் போகவில்லை.